எங்க வீட்டுக்கு வாங்க

அன்று சாயங்காலம் ஸ்பீக்கர் சீக்கிரமே பேசிவிட்டது. ஆபரேட்டர் டீ டம்ளரைக் கையில் எடுத்திருந்தாள், உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அதற்குள் கன்ட்ரோல் ரூம் முழுக்க அவள் மகளின் குரல்.

"எங்க வீட்டுக்கு வாங்க. எனக்கு விளையாட ஆளே இல்ல."

வானத்தில் யாராவது இருந்தால் கேட்கட்டும் என்று அங்கிருந்த பெரிய ஆன்டெனா தினமும் அனுப்பும் செய்தி அது. யோசனை அந்த ஆராய்ச்சி நிலைய இயக்குநருடையது. கேமராவைக் கண்டால் வயிற்றை எக்கி நிற்பவர் என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பேர் போட்டோ. எதிரே இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்றே தெரியாமல் இருட்டில் நின்று விலாசம் சொல்லிக் கூப்பிடலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதிக் கேட்டார்கள். போட்டோ படிக்கவே இல்லை. குழந்தைக் குரல் என்றால் டிவிக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள், அவருடைய விஞ்ஞானம் அவ்வளவுதான். அவள் மட்டும் என்ன யோக்கியம்? மகள் டிவியில் வருவாள் என்ற அற்ப ஆசையில் வாயை மூடிக்கொண்டு பிள்ளையைக் கூட்டிவந்து மைக் முன்னால் நிறுத்தினாள்.

போன வாரம் முதல்முறை அந்தக் குரல் திரும்பி வந்தபோது, செய்தி போய் ரொம்ப நேரமாகியிருந்தது. அவள் கேன்டீனில் டீ குடித்து, அரட்டையும் அடித்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள் டீ ஆறுவதற்குள் வந்தது. எதிரொலி என்றார் போட்டோ. எதிரொலிக்கிற சுவர் தினமும் கிட்டே நகர்ந்து வருமா என்று கேட்கும் அளவுக்கு அந்த மண்டையில் இடம் இல்லை.

"சார், நிறுத்திடலாம். அது நெருங்கி வருது."

போட்டோ கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். "நாளைக்கு டிவிக்காரங்க வர்றாங்கம்மா. என் தலையில மண்ணை அள்ளிப் போடாதீங்க. வந்தா வரட்டுமே, நாமதானே கூப்பிட்டோம்!"

தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டு, அவள் தானே போய் ஆன்டெனாவுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். சூடான இயந்திரங்களின் வாடையும், எங்கோ ஒரு விசிறி மெல்ல ஓய்ந்து நிற்கும் முனகலும் மட்டும் மிச்சம் இருந்தன.

ஸ்பீக்கர் மறுபடி பேசியது. எதுவும் அனுப்பாமலே.

"எங்க வீட்டுக்கு வாங்க."

குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம். சொட். சொட். மகள் பேசிப் பதிவு செய்த அறையில் குழாயே கிடையாது. அது அவள் வீட்டுச் சமையலறைக் குழாய். வாஷர் தேய்ந்துபோய் மாசக்கணக்காக ஒழுகுகிறது.

அவள் வீட்டுக்கு போன் போட்டாள். தங்கை எடுத்தாள்.

"பாப்பா எங்கடி?"

"சமையலறையில யார்கூடவோ பேசி விளையாடிட்டு இருக்கா. ஏன்க்கா?"

"தூக்கிட்டு வெளிய வா! உடனே!"

போட்டோ பின்னாலிருந்து ஏதோ கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. ஓடினாள்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள், வெறும் கையோடு. "கூப்பிட்டேன்க்கா. ரெண்டு இடத்துலேர்ந்து 'என்ன சித்தி'ன்னு கேக்குது. எனக்கு உள்ள போகவே பயமா இருக்கு."

அவள் உள்ளே போனாள். ஹாலில் விளக்கு எரிந்தது. சமையலறையில் இருட்டு. ஈரம் போலவும் சுட்ட இரும்பு போலவும் ஒரு நாற்றம். சொட். சொட்.

மகள் சமையலறை வாசலில் முதுகைக் காட்டி நின்றாள். ஆபரேட்டர் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முகம் அதேதான். கன்னத்தில் சாப்பிட்ட கறை. உதடுகள் இறுக மூடியிருந்தன.

இருட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா வந்துட்டாங்க."

குழாய் ஒழுகுவது நின்றது.

அதற்குப் பிறகுதான், பாடம் ஒப்பிப்பதுபோல, மகளின் உதடுகள் பிரிந்தன.

"அம்மா வந்துட்டாங்க."