மெதூசாவுக்கு உட்கார்ந்தவள்

புராண அரக்கி மெதூசா சிலையின் காலடியில் சிற்பி யாகூமிஸ் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் அவருடைய சுத்தியல். வெள்ளைப் பளிங்குத் தூளெல்லாம்... சிவப்பு!

பட்டறைக்குள் நுழைந்த எவந்தியா போட்ட அலறல் கிரேக்கத் தீவான தீனோஸின் அந்த மலையூர் முழுக்கக் கேட்டது. இருபது வருட மனைவி. அலறாமல் என்ன செய்வாள்?

யார் மேல் சந்தேகம் என்று கேட்டார் சார்ஜென்ட் ஸ்காரோஸ்.

எவந்தியா அழுகையை நிறுத்தினாள்.

"பேக்கரிக்காரி ஃபோத்தினி. சிலையோட பாம்புக் கூந்தல அவ முடியப் பாத்துத்தான் செதுக்கணுமாம் இவருக்கு. குளிர்காலம் பூரா கதவச் சாத்திக்கிட்டு... அப்படி என்ன செதுக்குறது?"

'அவ கழுத்தத் திருப்பினா நாலு பாம்பு தானா நெளியுது' என்று ஒருநாள் சாப்பிடும்போது யாகூமிஸ் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எவந்தியாவின் சூப்பில் உப்பு சரியாக விழவில்லை.

அடக்கம் முடிந்தது. காபிக் கடையில் ஊரே கூடி, துக்க வழக்கப்படி கசப்புக் காபியும் பிராந்தியும் குடித்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

ஃபோத்தினி! தலைமுதல் கால்வரை கறுப்பு. இவள்தான் விதவை என்பதுபோல!

நேராக சார்ஜென்டிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நான்தான் கொன்னேன், சார்ஜென்ட். என்னை ஏதென்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. கடைசியில தயங்கினாரு. என்னால தாங்க முடியல... அவ்வளவு ஆசை அவர் மேல."

ஊர் உச்சுக்கொட்டியது. பாவம், காதலித்துவிட்டாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

எவந்தியா பேசாமல் இருந்திருந்தால் போதும்.

ஆனால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? யாகூமிஸுக்காகக் கொலையே செய்தவள் ஃபோத்தினி. எவந்தியா யார்? சூப் வைத்தவள்!

அவள் கையிலிருந்த கோப்பை தரையில் சிதறியது.

"பொய் சொல்றா சிறுக்கி! அவரு என் புருஷன். நான்தான் அடிச்சேன். அந்தக் கல்லு முடியத் தடவிக்கிட்டே நின்னாரு... என் தலைய ஒருநாளாவது அப்படித் தடவியிருப்பாரா?"



ஃபோத்தினி கறுப்பு முக்காட்டை உருவிவிட்டு ஸ்காரோஸிடம் திரும்பினாள்.

"போதுமாண்ணே? அடுப்புல ரொட்டி கெடக்கு." பிறகு எவந்தியாவைப் பார்த்தாள். "எங்கிட்ட அவரு ஆசையா ஒரு வார்த்தை பேசினதில்லக்கா. ஆடாம உக்காருன்னு திட்டுவாரு, அவ்வளவுதான்."



ஸ்காரோஸ் பிராந்தியைக் காலி செய்துவிட்டு, நிதானமாக விலங்கை எடுத்தார்.

"எனக்கு ஒரு சாட்சியும் கெடைக்கல எவந்தியாக்கா. ஆனா உங்கள நல்லாத் தெரியும். புருஷன மட்டுமில்ல... புருஷனக் கொன்ன பேரக்கூட இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க மாட்டீங்க!"