ஈரம் பார்க்க வந்தவர்கள்

அன்று காலை கோம்பையில் அந்த வீட்டில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மூத்தவர் முத்துவீரன், அவர் மனைவி மொக்கம்மாள். தம்பி ஒச்சாண்டி, அவன் மனைவி விஜி, அவர்களுடைய ஐந்து வயது மகள் திரிஷா. தேனியிலிருந்து வந்த புரோக்கர் இம்மானுவேல். வீடு வாங்க வந்த போடி ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ், அவர் மனைவி சண்முகத்தாய். கொல்லையில் கட்டியிருந்த நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. "நானும் கூட இருந்து பார்த்தேன்" என்று பிற்பாடு டீக்கடையில் சொன்னவர்கள் அத்தனை பேரும் தெருவில் நின்றவர்கள்தான்.

2009, வைகாசி மாதம். ஒரே கூரையின் கீழ் அண்ணன் பாதி, தம்பி பாதி. நடுச்சுவரில் ஒரு கதவு. அது சாத்தப்பட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

காரணம் ஓர் ஆட்டுத் தலை. குலசாமிக்கு வெட்டிய கிடாயின் தலையை முத்துவீரன் மரியாதைக்காகத் தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். அது தனக்கு வர வேண்டிய தலை என்று ஒச்சாண்டி குதித்தான். அன்று சாயங்காலமே நடுக்கதவைத் தன் பக்கம் தாழிட்டு, அதன் முன்னால் பீரோவையும் நகர்த்தி வைத்துவிட்டான். ஐந்து மாதக் கர்ப்பிணியான விஜி கடைத்தெருவிலிருந்து வந்து கேட்டபோது, "மதினிதான் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டாக" என்றான்.

மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. பிள்ளையில்லாதவள், வயிற்றெரிச்சலில் மாசமானவள் முகத்தில் கதவைச் சாத்திவிட்டாள்! மொக்கம்மாளுக்கு அந்தப் பெயர்தான் நின்றது.

அந்தப் பக்கம் தாழ் விழுந்த சத்தம் மொக்கம்மாளுக்குக் கேட்டிருந்தது. அவள் பக்கம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிய கணவரின் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க... புருசன் பொய் சொல்லுறான்னு தெரிஞ்சா அந்தப் புள்ள பொறந்த வீட்டுக்குப் போயிரும். கெட்ட பேரு என்னோட இருக்கட்டும்!" முத்துவீரன் வாக்குக் கொடுத்தார். ஆறு வருடமாக அந்த வாக்கு அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்போது வீட்டை விற்றுப் பிரிந்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. வீடு கைமாறிவிட்டால் அந்தக் கதவும் போய்விடும். பெயர் மட்டும் தன்னோடு சுடுகாடு வரை வரும் என்று மொக்கம்மாளுக்குத் தெரியும். காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து, தினமும் செய்வதுபோல அந்தக் கதவை ஒரு தரம் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

முதலில் பார்க்க வந்தவர்களை முத்துவீரனே விரட்டியிருந்தார். எந்த ஊர், யார் மகன், தாத்தா என்ன செய்தார் என்று குறுக்கு விசாரணை செய்து, "ஒங்களுக்கு எங்க வீட்டக் குடுக்க மாட்டோம்" என்று அனுப்பிவிட்டார். அதனால் இந்தத் தடவை இம்மானுவேல் முன்னதாகவே வந்து சட்டம் போட்டார்.

"அண்ணே, எல்லா லைட்டையும் போடுங்க. கருவாட்டுச் சட்டிய வெளிய வைங்க. நாயக் கட்டுங்க, வாயக் கட்டுங்க. முக்கியமா, சண்டையில விக்கிற வீடுன்னு தெரியவே கூடாது. ராசியில்லாத வீடும்பாக. ஒரு மணி நேரம் ஒத்துமையா இருங்க. அப்புறம் ஒங்க இஷ்டம்!"

"ஒத்துமையா இருக்கணும்னா என்ன செய்யணும்?" என்று உண்மையாகவே கேட்டான் ஒச்சாண்டி.

அப்படித்தான் விஜி ஆறு வருடத்துக்குப் பிறகு, தெருவைச் சுற்றிக்கொண்டு மொக்கம்மாளின் அடுப்படிக்குள் வந்தாள். காப்பிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "சீனி எங்கன இருக்கு?" என்றாள்.

"அக்கான்னு சேத்துச் சொல்லணும்," என்றார் வாசலில் நின்ற இம்மானுவேல்.

"சீனி எங்கன இருக்கு... அக்கா."

மொக்கம்மாளுக்குக் கண் கரித்தது. புகை என்று சொல்ல வழியில்லை, எரிந்தது கேஸ் அடுப்பு. "பழைய எடத்துலதான் ஆத்தா," என்றாள். விஜியின் கை தானாகவே மேல் தட்டுக்குப் போயிற்று.

போடிக்காரர்கள் வந்தார்கள். முத்துவீரன் தம்பியின் தோளில் கை போட்டபடி நின்றார். தோள் வலிக்கும் அளவுக்குப் போட்டிருந்தார்.

"அடடா, ராமர் லட்சுமணர் மாதிரி இருக்காகளே!" என்று வியந்தார் வைகுண்டராஜ். "இம்புட்டு ஒத்துமையா இருந்துக்கிட்டு வீட்ட எதுக்கு விக்கிறீக?"

ஒத்துமையாக இருக்கச் சொன்ன இம்மானுவேல் இந்தக் கேள்விக்குச் சட்டம் போட மறந்திருந்தார்.

திரிஷா மொக்கம்மாளின் முந்தானையைப் பிடித்து, "பெரியம்மா!" என்றாள். வீடு பார்க்க வந்த சண்முகத்தாய் பக்கம் திரும்பி விளக்கமும் சொன்னாள். "இன்னைக்கு மட்டும் அப்பிடிக் கூப்புடணும்னு அம்மா சொல்லுச்சு."

"புள்ளைக்கு ரொம்ப வெளையாட்டு!" என்று இம்மானுவேல் சத்தமாகச் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

சண்முகத்தாய் சிரிக்கிற ரகம் இல்லை. நான்கு வீடு பார்த்து ஏமாந்தவள். சுவரைத் தட்டினாள், குழாயைத் திறந்தாள், நடுக்கதவைத் தள்ளினாள். "இது ஏன் தொறக்கல?"

"அங்கிட்டு சாமான் இருக்குங்க," என்று அவசரமாகச் சொன்னாள் மொக்கம்மாள்.

எல்லாரும் தெரு வழியாகத் தம்பி பாதிக்குப் போனார்கள். சண்முகத்தாய் நேராகப் பீரோவின் முன் போய் நின்றாள். "இத நகட்டுங்க. பின்னால ஈரம் இருக்கான்னு பாக்கணும். விக்கிற வீட்டுல பீரோ இருக்கிற எடத்துலதான் ஈரம் இருக்கும்!"

ஒச்சாண்டி பீரோவில் சாய்ந்து நின்றுகொண்டான். "அது... ரொம்பக் கனம்."

"ஆமாங்க, கனம்! வேணாங்க!" என்று குறுக்கே வந்தாள் மொக்கம்மாள். கொழுந்தன் இத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று அவளுக்குப் பதறியது.

விஜி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஒரு மணி நேர ஒத்துமை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவளால் முடியவில்லை.

"ஏன், நீங்க பூட்டுன கதவு வெளிய தெரிஞ்சிரும்னு பயமா? மாசமா இருந்தவ மொகத்துல அடச்சீகளே... எல்லாரும் பாக்கட்டும்!"

மொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் பாதிக்குத் திரும்பிவிட்டாள். முத்துவீரனின் மீசை துடித்தது. வாக்கு, வாக்கு என்று அவர் வாய்க்குள் முனகுவது பக்கத்தில் நின்ற வைகுண்டராஜுக்குக் கேட்டது.

விஜியும் இம்மானுவேலும் பீரோவைத் தள்ளினார்கள். சுவர் காய்ந்து கிடந்தது. கதவு தெரிந்தது. கதவின் மேல்பக்கம், ஆறு வருடத் துருவோடு, இந்தப் பக்கத்திலேயே போடப்பட்ட தாழ்ப்பாள் தெரிந்தது.

"தாழ் இங்கனதான இருக்கு," என்றாள் சண்முகத்தாய். "அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கா?"

வியாபாரம் கெட்டுவிடுமோ என்று இம்மானுவேல் தெரு வழியாக ஓடினார். சற்று நேரத்தில் கதவுக்கு அப்பாலிருந்து விற்பனை உற்சாகத்தோடு அவர் குரல் கேட்டது.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லக்கா! ஆணி அடிச்ச தடம்கூட இல்ல! கீலுக்கெல்லாம் எண்ண போட்டு வச்சிருக்காக! சும்மா தள்ளுனா தொறக்குற கதவுக்கா!"

விஜி புருஷனைப் பார்த்தாள். ஒச்சாண்டி தரையைப் பார்த்தான்.

"கோவத்துல போட்டேன்... அப்புறம் எடுக்க வெக்கமா இருந்துச்சு..."

"ஆறு வருசமாவாய்யா வெக்கப்பட்ட? ஒரு ஆட்டுத் தலைக்கு அந்த மனுசி தலையில பழியப் போட்டுட்டியே!"

அவள் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வைகுண்டராஜே ஒரு கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். தாழ் கழன்றது; கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. அந்தப் பக்கம் மொக்கம்மாள் வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா!" இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விஜி அவள் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். "ஏங்க்கா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நீ கோவிச்சுட்டு ஒங்க ஊருக்குப் போயிருப்ப. இந்தக் குட்டி அங்கனயே வளந்திருக்கும்... இப்பச் செவுத்துக்கு அங்கிட்டாவது அது சத்தம் எனக்குக் கேட்டுச்சுல்ல!"

வாக்கிலிருந்து விடுபட்ட முத்துவீரன் ஆறு வருடத்தையும் ஒரே மூச்சில் கொட்டினார். "ஏலே ஒச்சாண்டி! அடுத்த கிடாயோட தலை ஒனக்குத்தாண்டா! கொண்டு போயி பீரோவுல வச்சுப் பூட்டிக்க!" ஒச்சாண்டி மதினியின் காலில் விழப் போனான். அவள் பிடித்து நிறுத்தினாள். "விருந்தாளுக இருக்காக, தம்பி. எந்திரிங்க."

திரிஷாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "நாளைக்கும் பெரியம்மான்னு கூப்புடணுமா?"

மொக்கம்மாள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இம்மானுவேல் தொண்டையைச் செருமினார். "அப்ப... வெல பேசிரலாமா?"

"எந்த வீட்டுக்கு?" என்றார் முத்துவீரன்.

போடிக்காரர்கள் இரண்டாம் முறையும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். சண்முகத்தாய் மட்டும் வாசலில் நின்று, நல்ல வீடு, கைக்கு வராமல் போயிற்றே என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

பீரோவுக்குப் பின்னால் ஈரத்தைக் கண்டுதான் போடிக்காரர்கள் வேண்டாம் என்று எழுந்து போனதாகக் கோம்பையில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. அந்தச் சுவரில் ஈரம் கிடையாது. வீடு விலைக்கு இல்லை.