பதினோராவது படியில் எண்ணெய்

செல்போன் அடித்தது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க புரொபசர் வீட்டுக்கு உடனே வர முடியுமா?"

"என்ன சார் ஆச்சு?"

"அவரோட மனைவி இறந்துட்டாங்க. மாடிப்படியில விழுந்து..."

"நான் எதுக்கு சார்?"

"அவர்தான் கூப்பிடச் சொன்னாரு. மாடிப்படியில டாக்டர் பட்டம் வாங்கப் போற பொண்ணாமே?"

உண்மைதான். மாடிப்படிகளில் மனிதர்கள் எப்படி விழுகிறார்கள், படியின் அளவு அதற்கு எவ்வளவு காரணம்? கட்டடக்கலையில் அதுதான் அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சி. இருநூற்றுப் பதினாலு வீடுகளில் டேப் பிடித்து அளந்தவள். வழிகாட்டி, அந்தப் பேராசிரியர்.

போனாள்.

கடைசிப் படிக்குக் கீழே மேடம், பேராசிரியரின் மனைவி, குப்புறக் கிடந்தாள். தலை தரையில். கால்கள் மேல் படிகளில். பதினோராவது படியில் எண்ணெய் பளபளத்தது.

போன வாரம்தான் மேடம் அவளுக்குத் தட்டில் சோறு போட்டாள். 'எலும்பும் தோலுமா ஆயிட்டியே' என்று கடிந்துகொண்டாள்.

அவள் டேப்பை எடுத்தாள்.

"எல்லாப் படியும் ஒரே உயரம். கைப்பிடியும் சரியா இருக்கு. படியில குறையே இல்ல சார்."

"எண்ணெய் இருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடத்தின் காலில் இருந்த செருப்புகளைக் குனிந்து பார்த்தாள். இரண்டு அடிப்பக்கமும் உலர்ந்திருந்தன.

பேராசிரியர் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கில்ல? விபத்துன்னு சொல்லிட்டுப் போ."

ஐந்து வருடம்... ஒரு கையெழுத்து.

அவள் நிமிர்ந்தாள்.

"சார், இவங்க எண்ணெயை மிதிக்கவே இல்ல. செருப்பைப் பாருங்க."

இன்ஸ்பெக்டரின் பார்வை பேராசிரியர் மேல் திரும்பியது.

"மிதிக்காம எப்படி?" பேராசிரியர் சீறினார். "கிடக்கிற விதமே சொல்லுதே! வழுக்கினவங்க முன்னால பாய்ஞ்சு முகம் குப்புற விழுவாங்க. அஞ்சாம் அத்தியாயத்துல படம் போட்டு நீயே எழுதியிருக்கே."

"ஆமா சார். ஆனா அது தப்பு."

"என்ன?"

"கால் வழுக்கினா பின்பக்கமா உட்கார்ந்த மாதிரிதான் விழுவாங்க. கால் தடுக்கினாத்தான் குப்புற விழறது. ரெண்டு படமும் இடம் மாறிடுச்சு. இன்னிக்குக் காலைலதான் கவனிச்சேன்."

இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அந்த அத்தியாயத்தை வேற யாரெல்லாம் படிச்சாங்க?"

"நானும் இவரும்தான். போன திங்கட்கிழமை கொடுத்தேன். அந்தத் தப்புப் படத்துல இருக்கிற மாதிரியே... மேடத்தைப் படுக்க வெச்சிருக்காரு."

தோளில் ஒரு கான்ஸ்டபிளின் கை விழுந்ததும் பேராசிரியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தலையணையாலதான்..." என்றார், யாரையும் பார்க்காமல். "விவாகரத்து கேட்டா."

ஜீப் கிளம்பியது. அவள் வாசலில் நின்று அழுது முடிக்கும்வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"அஞ்சு வருஷ உழைப்பாச்சேம்மா. இனிமே என்ன செய்வீங்க?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"வேற கைடு தேடணும் சார். கொடுக்கிற அத்தியாயத்தைப் படிச்சுட்டு... திருத்த மட்டும் செய்யிற ஆளா."