முதுகுத் தையல்

மூன்றாவது டிரங்குப் பெட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த குஷன்காரரின் விரலில் ஒரு பச்சை நூல் சுற்றிக்கொண்டது. ஒரு சாண் நீளம் இருக்கும். பட்டு நூல். வெளியே பகல் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு தூறல் போட ஆரம்பித்திருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நூலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பெட்டியில் கிடந்த பழைய திரைச்சீலைகளும் கம்பளிகளும் அந்துருண்டை வாசனையோடு மொடமொடவென்று காய்ந்திருக்க, அந்த ஒரு நூல் மட்டும் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தது மாதிரி நனைந்திருந்தது.

"அப்பா, கெடைச்சுதா?"

அறை வாசலில் மகள் நின்றாள். தலையில் துண்டு, கையில் பாதி பூசிய நகங்கள்.

அவர் நூலைக் கால்சட்டையில் துடைத்தார். "இதுல இல்ல பாப்பா. அடுத்ததப் பாக்கறேன்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம். நீங்க இன்னும் அடுத்தது அடுத்ததுன்னே சொல்லிட்டிருக்கீங்க."

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம்."

எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர் ஒரு பச்சைக் கவுனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருவர் நடித்துக்கொண்டிருந்தார். அலமாரியைத் திறப்பார், துணிகளைக் கலைப்பார், "எங்கேயோ பத்திரமா வெச்சேனே" என்று நெற்றியைத் தட்டிக்கொள்வார், மூடுவார். சோபாவுக்கும் பஸ் சீட்டுக்கும் உறை தைத்தே நாற்பது வருஷம் ஓட்டிய மனிதர். குஷன்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். பொய் சொல்ல வராத ஆள் என்றும் பேர் வாங்கியிருந்தார். அவர் சொன்ன ஒரே பெரிய பொய் இந்தக் கவுன்தான்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மை போட்டு, அவருடைய அக்கா வீட்டில் தனி அறையில் படுத்திருந்தாள். அந்த வாரத்தில்தான் அவர் மனைவி மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கல்யாணத்தன்று அவள் போட்டிருந்தது அந்தப் பச்சைக் கவுன். "நீ கல்யாணம் பண்ணிக்கறப்போ இது உனக்குத்தான்டி" என்று மகளிடம் அடிக்கடி எடுத்துக் காட்டுவாள். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரியில் உடலைக் கையில் கொடுத்தபோது வேறு எதையும் போட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. உடம்பு வீங்கியிருந்தது. கவுன் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ், "பின்னால வெட்டிடுங்க சார். போத்தின மாதிரி மேல போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போவுது" என்றாள். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்த, குஷன் துணி வெட்டும் கத்தரியால் கழுத்திலிருந்து கீழ்க்கரை வரை அவரே வெட்டினார். சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதற்குள் சவப்பெட்டியை அவரே மூடினார். குழியில் மண் விழும் சத்தத்தைக் கடைசிவரை நின்று கேட்டார்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்த மகள் முதலில் அம்மாவைக் கேட்டாள். பிறகு கவுனைக் கேட்டாள். "பத்திரமா இருக்கு" என்றார். அழுகிற குழந்தைக்கு வேறு என்ன சொல்வது என்று அன்றைக்குச் சொன்னது, பதினாறு வருஷமாக வளர்ந்து இன்றைக்குத் தலைக்குமேல் நிற்கிறது. அந்த நர்ஸும் இப்போது உயிரோடு இல்லை.

ஹாலில் அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு சூட்கேசைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். முட்டிவலியோடு வந்தவள், காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை.

"ஏன்டா தம்பி, நெஜமாவே எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்லையா? ஊருக்கெல்லாம் சோபா தைக்கற, சொந்த வீட்டுல ஒரு துணிய வெச்ச எடம் தெரியல. நல்ல வேள, பொண்ணை எங்கயும் வெச்சுட்டு மறக்கல."

"பூச்சி அரிச்சிருக்கும்க்கா. அப்படியே இருந்தாலும் போட முடியாது."

"அரிச்சதையாவது காட்டு. அவ மனசு ஆறும்."

அக்காவுக்குப் பின்னால், பின்கதவிலிருந்து மகளின் அறைப் பக்கமாக, தரையில் ஈரத்தடம் ஒன்று ஓடியிருந்தது. ஒரு முழ அகலம். கால் தடமாக இருந்தால் விட்டு விட்டு இருக்கும். இது விடாமல், நனைந்த துணியின் ஓரம் தரையைத் தடவிக்கொண்டே போனது போல, நடுவில் எங்கும் அறுபடாமல் போயிருந்தது.

"அக்கா, வெளிய போயிட்டு வந்தியா?"

"இந்த மழையிலயா? எனக்கென்ன பைத்தியமா?"

அவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் மண் நரநரத்தது. முகர்ந்தார். மழை விழுந்ததும் கிளம்புகிற மண்வாசனை எல்லாருக்கும் பிடிக்கும், அவருக்கும் பிடிக்கும். இது அந்த வாசனை இல்லை. ஆழத்து மண், வெயிலே படாமல் கிடந்து, வேர்களின் புளிப்பேறிய, மூக்கில் நுழைந்ததும் நாக்கில் உட்கார்ந்துகொள்கிற வாசனை. இதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் அதை முகர்ந்திருக்கிறார். குழி வெட்டியவர்கள் ஓரமாகக் குவித்து வைத்திருந்த மேட்டின் பக்கத்தில்.

கூரை ஒழுகுகிறது. அப்படித்தான் இருக்கும். பழைய துணியை எடுத்து வந்து துடைத்தார். பின்கதவை ஒட்டியிருந்த பட்டறைக் கதவு வரை துடைத்துக்கொண்டே போனவர், அங்கே நின்றார்.

வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. கல்யாணத்துக்காகப் பத்து நாளாகப் பூட்டிக் கிடந்தது. சாவி அவருடைய இடுப்பில்.

உள்ளே யாரோ தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மிஷின் ஓடவில்லை, கையால்தான். மெழுகு தடவிய நூல் கெட்டித் துணிக்குள் இழுபடும்போது வருகிற சர்ர்ர் என்ற சத்தம். நாற்பது வருஷமாகத் தன் கைக்குக் கீழே கேட்ட சத்தத்தை அவர் வேறு எதுவாகவும் எண்ணிக்கொள்ள முடியவில்லை. இழுப்பு. சின்ன மௌனம். ஊசி இறங்குகிற நேரம் அது. மறுபடி இழுப்பு. அவசரமே இல்லாத, வேலை தெரிந்த கை.

சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது.

உள்ளே ஆள் இல்லை. பஞ்சு மூட்டைகள், சுருட்டி நிறுத்திய ரெக்சின், எலும்புக்கூடு மாதிரி நிற்கிற நாற்காலிச் சட்டங்கள், எல்லாம் விட்ட இடத்தில் இருந்தன. ஜன்னல் கம்பிகள் முழுசாக இருந்தன. ஜன்னலோரம் இருந்த முக்காலியின் திண்டு மட்டும் யாரோ எழுந்துபோன பிறகு மெதுவாக மேலே வருவது போல, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொம்மென்று உப்பி எழுந்து சமமானது.

"டேய் தம்பி!" அக்காவின் குரல் வீட்டைத் தூக்கியது. "கெடைச்சிருச்சுடா!"

அவர் கால்கள் தாமாக நடந்தன.

மகளின் அறையில், கட்டிலின் மேல், கைகள் இரண்டும் விரித்து மல்லாக்கக் கிடந்தது பச்சைக் கவுன். கழுத்தைச் சுற்றியிருந்த சின்ன மடிப்புகள். மணிக்கட்டில் மூன்று மூன்று பொத்தான்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் கையால் போட்ட பொத்தான்கள்.

"நான் நகத்தைக் காயவெக்க முன்வாசலுக்குப் போயிட்டு வர்றேன், பாத்தா இங்க இருக்கு!" மகள் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "சும்மா வெளையாடிட்டுத்தானப்பா இருந்தீங்க? எடுத்து வெச்சுட்டு எதுவும் தெரியாத மாதிரி."

"நான் வெக்கல."

"அப்போ அத்தையா?"

"என்னைக் கேக்காத. உங்கப்பாவுக்குத்தான் இந்த நாடகமெல்லாம் வரும்" என்றாள் அக்கா. "ஆனா என்னடா இவ்ளோ ஈரம்? மெத்தையெல்லாம் நனைஞ்சுபோச்சு. இரு, திருப்பிப் போடறேன்."

அவர் தடுக்கக் கை நீட்டுவதற்குள் அக்கா திருப்பினாள்.

முதுகு இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. கீழ்க்கரையிலிருந்து இடுப்பு வரை அந்த வெட்டைச் சேர்த்துத் தைத்திருந்தது. மேலே பாதி திறந்து கிடந்தது. மெழுகு நூல். அவர் பட்டறை நூல். அவருடைய மனைவி அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்தவள். இடது கைக்காரி. அவளுடைய தையல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும். பத்து நாற்காலிகள் கலந்து கிடந்தாலும் அவள் தைத்தது எது என்று அவர் இருட்டில் தடவியே சொல்லிவிடுவார்.

அவர் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா, பாதியில விட்டிருக்கீங்க? மிச்சத்தையும் தைச்சுக் குடுங்க."

"குடு. சரி பண்ணித் தரேன்." அள்ளி எடுத்தார். ஒரு கவுன் அவ்வளவு கனக்காது. வெளியே கொண்டுபோக வேண்டும். எரிக்க வேண்டும். மழையில் எரியுமா? கதவுக்கு வருவதற்குள் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, உங்க மூஞ்சியே சரியில்ல. மறுபடி பத்திரமா வெக்கறேன்னு எங்கயாவது கொண்டுபோயிடுவீங்க. பதினாறு வருஷம் போதும். ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுத் தரேன்."

"வேணாம் பாப்பா. போடாத."

"அஞ்சே நிமிஷம்."

அத்தையையும் அப்பாவையும் செல்லமாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

ஹால் நன்றாக இருட்டியிருந்தது. அக்கா விளக்கைப் போட்டாள். எரியவில்லை. மின்சாரம் போயிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக எப்போது அப்படிப் பிடித்தார் என்று இருவருக்கும் நினைவில்லை.

"அக்கா. அவளை அதுலதான் அனுப்பினேன்."

"யாரை?"

"பாப்பாவோட அம்மாவை. அந்தக் கவுனைப் போட்டுத்தான் பொதைச்சேன். நானேதான் பின்னால வெட்டினேன். உங்க யாருகிட்டயும் சொல்லல."

அக்கா அவரையே பார்த்தாள். சிரிக்கப் போனவள் போல உதடு கொஞ்சம் அசைந்து நின்றது. பிறகு சாத்திய கதவைப் பார்த்தாள்.

உள்ளே சத்தம் ஆரம்பித்திருந்தது.

சர்ர்ர்.

நிறுத்தம்.

சர்ர்ர்.

அவர் கதவில் இரண்டு கைகளாலும் அடித்தார். "பாப்பா! கழட்டு அதை! நான் பொய் சொன்னேன். பத்திரமா இல்ல, எங்கயும் வெக்கல. உங்கம்மாகூடவே மண்ணுக்குள்ள போனது அது. கேக்குதா? கழட்டுடா கண்ணு!"

சத்தம் நிற்கவில்லை. அதற்கு மேலாக மகளின் குரல், தூக்கம் கண்ணைச் சொக்குகிற குழந்தையின் குரல் மாதிரி வந்தது.

"அதனால என்னப்பா? அதான் கொண்டுவந்து குடுத்துட்டாங்கல்ல."

பட்டறைக்கு ஓடினார். கத்தரியோடு திரும்பி வந்தார். தோளால் இடித்தார். மூன்றாவது இடிக்குத் தாழ்ப்பாள் பிய்ந்தது.

அறையில் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கண்ணாடிக்கு முன்னால், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகள் நின்றாள். வேறு யாரும் இல்லை. கவுன் அவளுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது. கீழ்க்கரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தையல் இடுப்பைத் தாண்டி, முதுகைத் தாண்டி, தோள்பட்டை வரைக்கும் ஏறியிருந்தது.

அவர் மண்டியிட்டார். கத்தரியின் முனையை இடுப்புத் தையலுக்குள் விட்டு ஒரே ஒரு நூலை நறுக்கினார்.

"ஆ! வலிக்குதுப்பா."

அறுந்த நூலின் நுனியில் ஒரு சிவப்புத் துளி திரண்டது. உருண்டது. கவுனில் இறங்கியது.

வெட்டின் ஓரத்தை விரல் நுனியால் விலக்கிப் பார்த்தார். துணிக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. ஒவ்வொரு தையலும் துணிக்குள் இறங்கி, சதைக்குள் இறங்கி, மறுபக்கத்துத் துணியில் ஏறியிருந்தது. ஒழுங்காக. நெருக்கமாக. அவர் சோபாவின் தோலைச் சட்டத்தோடு சேர்த்துத் தைப்பது போல.

பின்னால் அக்கா சுவரில் சாய்ந்து சரிகிற சத்தம். அவர் திரும்பவில்லை. கத்தரி கையிலிருந்து நழுவியது.

"பாப்பா," என்றார். "பாப்பா, என்னைப் பாரும்மா."

கண்ணாடிக்குள் அவள் அவரைப் பார்த்தாள். சிரித்தாள்.

கழுத்தருகே நாலு விரற்கடை மட்டும் இன்னும் திறந்திருந்தது. அதன் ஓரத்தில், நூலில் கோத்தபடி, சோபா தைக்கிற வளைந்த ஊசி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் நின்றது.

ஊசி நிமிர்ந்தது. யாருடைய விரலும் இல்லாமல்.

மகள் தலையைக் குனிந்தாள். கூந்தலை ஒரு கையால் ஒதுக்கி, முன்பக்கமாகத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் நிற்பவளுக்கு வசதியாகப் பிடரியைக் காட்டினாள்.