மணி அடித்தபோது போன விமானம்

"போயிடுச்சா...?"

கண்ணைத் திறந்ததும் அகஸ்டினா கேட்டது அதைத்தான். கேட்டது யாரிடம் என்றுகூடப் பார்க்கவில்லை.

கடற்கரை முழுக்க ஜனம். சென்னையிலிருந்து பந்தயம் கட்டிப் பறந்து வரும் இரண்டு ஆகாய விமானங்கள் புதுச்சேரி கலங்கரை விளக்கத்தைச் சுற்றித் திரும்பும் என்று ஊரெல்லாம் பேச்சு. தூறலில் நனைந்தபடியே காத்திருந்தார்கள். நடுப்பகலில் இரைச்சல் கேட்டது... அந்த நேரம் பார்த்து மாதா கோயிலில் திரிகால மணியும் அடித்தது.

மணி கேட்டால் நின்ற இடத்தில் தலைகுனிந்து செபிப்பது கிறிஸ்தவ வேதக்காரர் வழக்கம். அன்றைக்கு, தொப்பியைக் கழற்றிய பெரிய மனிதர்கள்கூட ஒரு கண்ணால் மேலே பார்த்துக்கொண்டார்கள். அகஸ்டினாவோ இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவுக்காகக் கூடுதலாக ஒரு செபமும் சொன்னாள். அதற்குள் இரைச்சல் வந்து, தேய்ந்து, மேகத்துக்குள் போய்விட்டது.

"ரெண்டும் போயிடுச்சுங்க" என்றான் பக்கத்தில் நின்ற இளைஞன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ... அப்பாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அப்பா லூயிஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சீமைக்குப் போனவர். அங்கே ஒரு விமானப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். அதை எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அலுக்காது. இப்போது டாக்டர் கைவிரித்துவிட்டார். காலையில் மகளைக் கூப்பிட்டு, "நீ போயி பாத்துட்டு வந்து சொல்லும்மா. கேட்டுட்டு நிம்மதியா போயிடுறேன்" என்றிருந்தார்.

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு, "அழாதீங்க... நான் சொல்றேன். முன்னாடி போனது செவப்பு. ரெண்டடுக்கு றெக்கை. ஓட்டுனவரு நம்மளப் பாத்துக் கையக்கூட ஆட்டுனாரு" என்றான்.

"மெர்சி..." என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். "உங்க பேரு?"

"பிரகாசம். சுங்கத்துல வேல."

அந்த ஈரமான கண்கள் அவனை நிமிர்ந்து பார்த்தன... ஒரே ஒரு முறை. பிறகு அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள்.

அப்பா அன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். கையாட்டியதை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னார். மறுநாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தராசு வந்து எல்லாவற்றையும் கெடுத்தார். "செவப்பா? யாரு சொன்னா? ரெண்டுமே வெள்ளி மாதிரி பளபளன்னு போச்சு. ஒத்த றெக்கை. ஆளு எங்க தெரிஞ்சான், கையாட்டுறதுக்கு?"

லூயிஸ் மகளைப் பார்த்தார். "நீ போவவே இல்லியா? சாவப்போறவன்கிட்டயா கத விட்ட?" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு நாளாய் ஒரு பேச்சில்லை. அவள் என்ன சொல்லியும் அவர் திரும்பவில்லை. இப்படியே போய்விடுவாரோ என்று அகஸ்டினா பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பிரகாசத்தைப் பிடித்தாள்.

"பொய் சொல்ல உங்களுக்கு எங்கப்பாதான் கெடச்சாரா?"

அவன் முகம் வெளுத்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, "வாங்க... நானே வந்து சொல்றேன்" என்றான்.

கட்டிலருகே வந்து கைகட்டி நின்றான். "ஐயா, உங்க பொண்ணு அங்கதான் இருந்தாங்க. மணி அடிச்சுது, கண்ண மூடிக்கிட்டாங்க. பொய் சொன்னது நான். நானும் ஏரோப்ளேனப் பாக்கல."

லூயிஸ் மெல்லத் திரும்பினார். "நீயும் செபம் பண்ணிக்கிட்டு இருந்தியா?"

"இல்லீங்க..." குரல் தேய்ந்தது. "இவங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள் அகஸ்டினா. அப்பா காறித் துப்பப் போகிறார் என்றே நினைத்தாள்.

அவரோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரே மேல பாக்குது... நீ இவளப் பாத்தியா?" மூச்சு வாங்கியது. "சரி. பாக்காதத சொன்னது போதும். பாத்தத சொல்லு."

பிரகாசம் தலைகுனிந்தபடி சொன்னான். "முக்காடு காத்துல பறந்துச்சுங்க. ஒதடு மட்டும் அசைஞ்சுது. கண்ணு மேலயே ஒரு தூத்தல் விழுந்துச்சு... அப்பவும் தெறக்கல. கடைசியா 'அப்பா'ன்னாங்க. அது எனக்குக் கேட்டுச்சு."

லூயிஸின் கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. கையை நீட்டி மகளைத் தேடினார். அவள் ஓடி வந்து பற்றிக்கொண்டாள்.

"இது பொய் இல்லம்மா" என்றார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவள், நிமிராமலே கேட்டாள். "மறுபடியும் பந்தயம் வந்தா... நீங்களாவது மேல பாத்து அப்பாவுக்குச் சொல்லுவீங்களா?"

"முடியாதுங்க" என்றான் பிரகாசம். "நீங்க பக்கத்துல நின்னா என்னால முடியாது."

தூறல் மறுபடி தொடங்கியது. "அப்ப நான் பாத்துச் சொல்றேன்..." என்றாள் அகஸ்டினா. "நீங்க பக்கத்துலயே இருங்க."