டிரஸ்ஸர் இராயப்பரின் பூண்தடி

அருள்ஜோசப் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். வாசல் கதவைத் திறந்து, பால்காரி நாராயணம்மா வைத்துவிட்டுப் போயிருந்த செம்பை எடுத்துவந்தான். திரி ஸ்டவ்வைப் பற்றவைத்து, பால் பொங்கும்வரை அதன் முன்னால் நின்றான். புட்டியை வெந்நீரில் அலசினான். பாலில் தண்ணீர் கலந்து ஊற்றி ரப்பரை மாட்டினான். பிறகு ஜன்னல் கம்பியில் கண்ணாடியைத் தொங்கவிட்டுச் சவரம் செய்தான். தாடையில் வெட்டிக்கொண்டது, பனியனில் ரத்தம் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. பஞ்சு வைத்து அழுத்தினான். வலிக்கவில்லை. மனைவி பிலோமினா செத்ததிலிருந்து எதுவும் வலிக்கவில்லை.

அப்போது பின்சுவரில் யாரோ தட்டினார்கள்.

வெளியிலிருந்து. கதவை அல்ல, சுவரை. கையால் தட்டிய சத்தம் இல்லை. தட்டிய பொருளின் முனையில் உலோகம் இருந்தது. ஒரு தட்டு. பிறகு, சுவரில் காதை வைத்துக் கேட்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சத்தமில்லை. பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு.

சூசைமேரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிலோமினாவின் அக்கா. தங்கச்சியின் பிரசவத்துக்கு எலத்தகிரியிலிருந்து வந்தவள், குழந்தைக்காகத் தங்கிவிட்டாள்.

“யாரு தம்பி அது?”

“பக்கத்து வீட்டுல மாட்டுக்கு முளை அடிக்கறாங்க.”

“அவங்கதான் ஆடி மாசமே மாட்ட வித்துட்டாங்களே.”

குழந்தை புட்டியை வாயில் வாங்காமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

கல்லறைத் தோட்டம் ஓசூருக்கு வெளியே ஒரு பாறைச் சரிவில் இருந்தது. கம்பிக் கதவைத் தாண்டியதும் பெரிய மனிதர்களின் வரிசை. குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போன ஒரு வெள்ளைக்கார கேப்டன், கோயிலுக்குப் பெரிய மணி வாங்கிக் கொடுத்த புகையிலை மண்டிக்காரர், ஊரில் பாதிப்பேருக்கு எழுத்தறிவித்த ஒரு உபதேசியார், கடைசியில், சுவரோரம், கருங்கல் பலகைக்குக் கீழே, சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்த இராயப்பர். பிளேக் வந்த காலத்தில் ஊரைக் காப்பாற்றியவர் என்று அந்தக் கல்லில் வெட்டியிருந்தது.

பிலோமினாவும் அங்கேதான் கிடந்தாள். அவரோடு, அதே குழியில்.

ஐப்பசி அடைமழையில் அவளை எடுத்துப்போன அன்று, குழி வெட்டுகிற எல்லப்பன் மூன்று இடங்களில் தோண்டிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைக் கீழே போட்டான். “எங்க குத்துனாலும் பண்டெதான் சார். பாறைக்கு மேல படுக்க வெக்கவா முடியும்?” பெட்டி மழையில் காத்துக்கொண்டிருந்தது. மேலே போட்ட தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி, ஓரம் வழியாக வழிந்து, தூக்கி வந்தவர்களின் கால்களுக்கிடையே செம்மண்ணாக ஓடியது. கோயில்பிள்ளை சவரியப்பன்தான் வழி சொன்னார். டிரஸ்ஸர் குழியில் மண் பூப்போல இருக்கும். அவருக்கு வாரிசு கிடையாது, கேட்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட மனுசனோடு சேர்ந்து படுக்கக் குடுத்து வைத்திருக்கணும். மாமனார் அருள்ஜோசப்பைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். அன்றைக்கு யார் எது கேட்டாலும் தலையாட்டினான். நாலு பேர் சேர்ந்து கடப்பாரை கொடுத்து, கருங்கல் பலகையை நெம்பி ஓரமாகச் சாய்த்தார்கள். அதற்கடியில் மண் கறுப்பாக இருந்தது. மழை அதுவரை தொடாத மண். ஆனாலும் ஈரமாக இருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முன் பலகையைத் திரும்ப வைக்க வேண்டும் என்று கோயில்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். சாயங்காலம் அவன் போனபோது பலகையைப் பொருத்திவிட்டு எல்லப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். வேறொரு வேலையும் அருள்ஜோசப்புக்காகக் காத்திருந்தது. திருநாளன்று ஜனங்கள் பவனியாக வந்து ஒவ்வொரு பெரிய மனிதரின் கல்லறையிலும் நிற்பார்கள். அவர் யார், என்ன செய்தார் என்று ஒருவர் சொல்ல வேண்டும். பிறகு ஜெபம்.

“சரித்திர வாத்தியார நம்ம பங்குல வெச்சுக்கிட்டு நான் எதுக்கு ஒளறணும்?” என்றார் கோயில்பிள்ளை. “போன வருசம் கேப்டன் யானையிலேர்ந்து விழுந்தார்னு சொல்லிப்புட்டேன். சாமியாரே சிரிச்சுட்டார்.”

“டிரஸ்ஸரைப் பத்தி என்ன சொல்றது?”

“எங்கப்பா சொல்வார். பிளேக் கண்டவங்கள ஊருக்கு வெளிய கொட்டாய்க்குக் கொண்டுபோயிடணும்னு சர்க்கார் உத்தரவு. போனவங்க திரும்புனதில்ல. அதனால ஜனங்க ஒளிச்சு வெச்சுட்டாங்க. வைக்கப்போருக்குள்ள, குதிருக்குள்ள. இவரு நுனியில இரும்புப் பூண் போட்ட தடி ஒண்ணு வெச்சிருப்பாரு. சுவத்தத் தட்டுவாரு, காத வெச்சுக் கேப்பாரு. உள்ள மூச்சு இருந்தா அவருக்குத் தெரிஞ்சுடும். ஒருத்தரத் தப்பவிட்டதில்ல. அதான் ஊர் பொழச்சுது.”

அருள்ஜோசப் கருங்கல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க தெருவுல ஒரு பொம்பள தப்பவெச்சாளே,” என்றான் எல்லப்பன். “காய்ச்ச கண்ட புள்ளையோட குதிருக்குள்ள எறங்கிட்டா. புள்ள சத்தம் குடுக்காம வாயப் பொத்திக்கிட்டா. டிரஸ்ஸர் தட்டிப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. போயிட்டாரு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா சார். கைய எடுத்தா.” வெற்றிலைச் சாற்றைத் துப்பினான்.

“டேய், அதையெல்லாம் வாத்தியார்கிட்ட சொல்லாதே. திருநாளன்னிக்கு மைக்குல சொல்லிடப்போறார்.” கோயில்பிள்ளை அருள்ஜோசப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பிலோமினா பேரையும் சேத்துச் சொல்லிடுங்க. நல்ல சாவு. ஏசுவேன்னுட்டு தானே உயிர விட்டா?”

“ஆமா,” என்றான். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

கிளம்பும்போது அதைப் பார்த்தான். டிரஸ்ஸர் கல்லறையிலிருந்து கம்பிக் கதவு வரை, ஈர மண்ணில், காலணா அகலத்துக்கு வட்டமான குழிகள். யாரோ கிழவர் தடி ஊன்றி நடந்தது போல. பக்கத்தில் காலடி எதுவும் இல்லை. குழிகள் எல்லாம் வெளியே போயின. உள்ளே வந்த குழி ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு தினமும் விடிகாலையில் தட்டியது. பின்சுவரில் தொடங்கியது சமையலறைச் சுவருக்கு வந்தது, அங்கிருந்து தெருப்பக்கம் திரும்பியது. அந்தச் சுவரில் போன வருஷத் தேர்தலுக்கு எழுதிய சின்னம் பாதி அழிந்து கிடந்தது. அதன் குறுக்கே, மார்பு உயரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்து காலணா அகலப் பள்ளங்கள் வரிசையாக. விரலை வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது. கல்லறை மண்ணின் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சாக்கட்டி பிடித்து எழுதும்போதும், மத்தியானம் சோற்றைப் பிசையும்போதும் அது இருந்தது.

நாராயணம்மா பால் செம்பை வைத்துவிட்டு அன்று போகாமல் நின்றாள்.

“வீட்டு வேலை எடுக்கறீங்களா சார்? கொத்தனாரு வந்திருந்தாரே. வெள்ளக் கோட்டு, தலையில முண்டாசு. சுவத்துல காத வெச்சு நிக்கறாரு. ஏமண்ணான்னு கேட்டா பேசமாட்டேங்கறாரு.”

“தனியாவா?”

“சித்தாளு ஒருத்தி இருந்தா. பொடவ பூரா ஈர மண்ணு. அவளும் பேசல. சுவத்தத் தடவிக்கிட்டே நின்னா.”

சூசைமேரி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றே சொல்லிவிட்டாள்.

“புள்ளைய எலத்தகிரிக்குக் கொண்டுபோயிடறேன் தம்பி. இங்க வேணாம்.”

“திருநாள் முடியட்டும்க்கா. மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போங்க. நானும் வர்றேன்.”

ஒரு சாயங்காலத்தைத் தாண்டினால் போதும் என்று நினைத்தான். குழந்தைக்கு இன்னும் பெயர்கூட நிலைக்கவில்லை. கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் ஒன்று, சூசைமேரி கூப்பிடுவது ஒன்று. அவன் எதுவும் கூப்பிட்டதில்லை. தூளிக்குப் பக்கத்தில் நின்று அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பான். அவ்வளவுதான். அதைத் தவிர அந்த வீட்டில் அவன் பார்க்க விரும்பியது எதுவும் இல்லை.

பிலோமினாவுக்குப் பிரசவ ஜன்னி கண்டபோது, நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: காய்ச்சல் ஒட்டும், புள்ளைய அவ கண்ணுல காட்டாதீங்க. குழந்தையைப் பின்னறையில் வைத்தார்கள். வீட்டுக்காரரின் பழைய மண் குதிர் நிற்கிற அறை. ஆளுயரம், கேழ்வரகு கொட்டி வைப்பது, இப்போது காலி. பிலோமினா கடைசிவரை முன்னறையில் கிடந்தாள். நடுவில் ஒரு சுவர்.

திருநாளன்று மூடுபனி மத்தியானமே இறங்கிவிட்டது. கல்லறைகள் எல்லாம் வெள்ளையடித்து, செண்டுமல்லி சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தன. உருகும் மெழுகும் சாம்பிராணியும் ஈரப் புல்லும் கலந்த வாசனை. கேப்டன் குதிரையிலிருந்து விழுந்ததைச் சொன்னான். மணியைச் சொன்னான். உபதேசியாரைச் சொன்னான். சூசைமேரி குழந்தையோடு முன்வரிசையில் நின்றாள். டிரஸ்ஸர் கல்லறைக்கு வந்தான்.

“நோய் கண்டவர்களை எங்கே மறைத்து வைத்தாலும் கண்டுபிடித்தார். அவரிடமிருந்து எதையும் ஒளிக்க முடியவில்லை. இப்போது அவருடன்,” என்று நிறுத்தி, “என் மனைவி பிலோமினாவும் இளைப்பாறுகிறாள்,” என்றான்.

ஜனங்கள் ஜெபத்தைத் தொடங்கினார்கள். காற்று இல்லை. தோட்டத்தில் எல்லாச் சுடரும் நேராக நின்றது. கருங்கல் பலகையில் இருந்த சுடர்கள் மட்டும் ஒரே பக்கம் சாய்ந்தன. குழந்தை இருந்த பக்கம்.

தூறல் விழுந்தது. ஜெபமாலை முடிய நேரமாகும். “புள்ள நனையுது, நீ தூக்கிட்டுப் போ தம்பி. முடிஞ்சதும் வந்துடறேன்,” என்றாள் சூசைமேரி.

அவன் குழந்தையைத் துண்டில் சுற்றி நடந்தான். பின்னால் ஜெபச் சத்தம் பனிக்குள் மங்கிக்கொண்டே வந்தது. மங்கி, நின்றுபோன பிறகும், வேறொன்று கூடவே வந்தது. ரோட்டுக் கப்பியில் உலோகம் படும் சத்தம். அவன் நின்றால் அது நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். ஜன்னல்களைச் சாத்தினான். சுவிட்சைப் போட்டான். கரண்ட் இல்லை. தீப்பெட்டி ஈரமாகியிருந்தது. சாயங்காலத்தின் மிச்ச வெளிச்சம் ஓட்டு இடுக்கில் மட்டும் இருந்தது.

தெருச்சுவரில் தட்டியது.

நின்றது. கேட்டது.

சமையலறைச் சுவரில் தட்டியது.

இப்போது ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் இன்னொரு சத்தம். மெதுவானது. ஈரமான உள்ளங்கை ஒன்று சுண்ணாம்பின்மேல் தேய்ந்துகொண்டே போவது.

குழந்தை சிணுங்கியது. தட்டு உடனே பக்கத்தில் வந்தது.

பின்னறைக்குப் போனான். ஸ்டூலைப் போட்டு ஏறினான். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு குதிருக்குள் இறங்கினான். மூடியை இழுத்துக்கொண்டான். கேழ்வரகுத் தூசி. பழைய உமியின் புளித்த வாசனை. முழங்கால் மடங்கி மண்சுவரில் இடித்தது. இருட்டு.

பின்சுவரில் தட்டியது.

பிறகு அந்தச் சத்தம் மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம். அறைக்குள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

சிமெண்டுத் தரையில் பூண் ஊன்றியது.

குழந்தை அழ வாயைத் திறந்தது. அவன் உள்ளங்கையால் பொத்தினான். சின்ன முகம். கைக்குள் முழுதாக அடங்கியது. கைக்கடியில் ஏதோ துடித்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். சத்தம் வரக்கூடாது. அவ்வளவுதான். காலையில் பஸ்.

குதிரில் தட்டியது.

மண் உதிர்ந்து அவன் கண்ணில் விழுந்தது. அவன் மூச்சை அடக்கினான். வெளியே, அவன் முகத்துக்கு நேராக, ஒரு காது வந்து மண்ணில் ஒட்டியது. அது கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஈரக் கை, குதிரின் சுவரைச் சுற்றி, அதன் வாய் எங்கே இருக்கிறது என்று தேடித் தடவியது.

கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

உள்ளங்கையில் மூச்சு படுகிறதா என்று பார்த்தான். தெரியவில்லை. கை மரத்துப்போயிருந்தது.

பூண்தடி திரும்பியது. தரையில் ஊன்றி ஊன்றி அறையைத் தாண்டிப் போனது. உள்ளே ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

ஈரக் கை போகவில்லை.

தலைக்கு மேலே குதிரின் மூடி நகர்ந்தது. மழை தொடாத மண்ணின் ஈர வாசனை இறங்கியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். வயிறு இருந்த இடத்தைப் பார்த்தான்.

பிலோமினா ஏசுவே என்று சொல்லவில்லை. ஜன்னியில் கண் சிவந்து, முழங்கையை ஊன்றி எழுந்து, முன்னறை முழுக்க ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

“புள்ளைய எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”