முட்டியைப் பார்த்த குரல்

செல்போன் அலறியது.

மைதானத்தின் உடை மாற்றும் அறை. வெளியே முப்பதாயிரம் பேர் "பூட்டு! பூட்டு!" என்று கூவிக் கொண்டிருந்தார்கள். பதினாறு வருடம் கோல்கீப்பராக நின்றவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது. இப்போது... மாநிலத்தின் முதல்வர் வேட்பாளர்!

"ஹலோ..."

"மேடை ஏறினே... பொணமாத்தான் இறங்குவே!" கரகரத்த குரல். "ஓடலாம்னு பாக்காதே. வலது முட்டியில கட்டோட எவ்ளோ தூரம் ஓடுவே?"

தொடர்பு அறுந்தது.



"யாரு மாப்ளே?" மச்சான் கேட்டார். மனைவியின் அண்ணன். பிரசாரம் முழுக்க அவர் கையில்.

"என்னைக் கொன்னுடுவானாம்..."

"அட, இதுக்கா மூஞ்சி வெளுத்துப் போச்சு? குரைக்கிற நாய் கடிக்காது! இந்தாங்க, குண்டு துளைக்காத சட்டை. பீரங்கியே வந்தாலும் பயமில்ல!"

மச்சானே மாட்டிவிட்டுப் பட்டையை இறுக்கினார்.

அப்போதுதான் உறைத்தது.

முட்டிக்கட்டு!

அது கால்சட்டைக்குள் இருக்கிறது. கட்டி இருபது நிமிடம்தான் ஆகிறது. இதே அறையில்! கட்டியவள் மனைவி. பார்த்தவர் மச்சான். வேறு ஈ, காக்கைக்குத் தெரியாது...

பூட்டு சட்டையின் மேல் கையை வைத்தார். மெல்ல நெஞ்சை அழுத்திப் பார்த்தார்.

விரல் உள்ளே போனது.

தகடு இல்லை... வெறும் பஞ்சு!

பூட்டு அதைக் காட்டிக் கொள்ளவில்லை.

"மச்சான்... எனக்கு வேர்த்துக் கொட்டுது. இதை நீங்க போட்டுக்கிட்டு முன்னால போங்களேன்."

"நா... நானா?"

"குண்டு துளைக்காதுன்னீங்களே!"

"வேணாம் மாப்ளே!"

பூட்டின் கை பாய்ந்து மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பற்றியது.

"எங்கேருந்து சுடப் போறான்? சொல்லலேன்னா, உங்களைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டே மேடை ஏறுவேன்!"

மச்சான் உடைந்தார்.

"ஸ்கோர் போர்டு பின்னால... நீங்க செத்தா அனுதாப ஓட்டு... கட்சி என்னை நிறுத்தும்னு..."

பூட்டு கதவைத் திறந்து கத்தினார். காவலுக்கு நின்ற பெண் இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் சீறினார்.

பத்தே நிமிடம். துப்பாக்கியோடு ஒருவன் சிக்கினான்.

மச்சானுக்கு விலங்கு மாட்டும்போது பூட்டு கேட்டார்.

"கொல்றதுதான் திட்டம்னா, எதுக்குய்யா ஆள் வச்சு போன்ல மிரட்டினே?"

"நான் எதுக்கு மிரட்டணும்? மிரண்டு போய் நீங்க மேடை ஏறலைன்னா நஷ்டம் எனக்குத்தானே!"

அப்படியானால்...?

வாசலில் மனைவி நின்றாள்.  கையில் கைக்குட்டை சுற்றிய செல்போன்!

"நான்தாங்க பேசினேன்..."

"நீயா!"

"அண்ணன் எவன்கிட்டயோ ரகசியமா பேசினதை நேத்து கேட்டேன். சொல்ல வாயெடுத்தேன். 'மச்சானைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே'ன்னு அடக்கிட்டீங்க. பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டீங்க... எவனோ மிரட்டினாலாவது மேடை ஏறாம இருப்பீங்கன்னுதான்..."

பூட்டு பெஞ்சில் சரிந்தார். 

"பதினாறு வருஷம்... எதிரணி அடிச்ச எத்தனை பந்தைப் பிடிச்சிருப்பேன்..."

மச்சானைத் தள்ளிக் கொண்டே இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"சேம் சைடு கோலுக்கு உங்க வீட்டம்மாதான் கீப்பர் சார்!"